ஜன்னலில் ஒட்டிய இரண்டு படங்கள்

அம்பத்தூரில் எங்கள் அலுவலகத்தின் மேற்கு ஜன்னலில் நான்கு டேப் தடங்கள் இருக்கின்றன. என்னோடு வேலை பார்த்த அக்கா விட்டுப்போனவை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எண்களைக் கொடுத்தால் வரைபடமாக வரைந்துதரும் ஒரு மென்பொருள் லைப்ரரியை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். வேறு பல மென்பொருள்கள் அதை எடுத்துப் பயன்படுத்தின. இரண்டு படங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க அக்கா திரையை நம்பமாட்டார். அச்செடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னலில் ஒட்டி, சாயங்கால வெயிலில் பார்ப்பார். நான் வேலைகளுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டிருப்பேன். “உன் லிஸ்ட்டுல சாப்பாடு எத்தனாவதுடி?” என்பார்.

ஒருநாள், எங்கள் படங்களைப் பயன்படுத்திய பாரிவாக்கத்துக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றிலிருந்து அதன் ஆபரேட்டர் பேசினார். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லி முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பப் பார்க்கிறாராம். “மிஷின் ஓடிக்கினுதான் இருந்துச்சு மேடம். உங்க படத்துல மட்டும் இன்னாத்துக்கு நின்னுகீது?”

அக்கா அந்த நாளின் பட்டைப்படத்தையும் கோட்டுப்படத்தையும் ஜன்னலில் ஒட்டினார். முதலாளி குறை சொன்ன மதியத்தில் இயந்திரத்தின் வேகம் பதிவாகவே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பட்டைப்படம் பூஜ்யமாக வரைந்திருந்தது. கோட்டுப்படமோ முன்னும் பின்னும் இருந்த புள்ளிகளை நேராக இணைத்து, எதுவுமே நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தது. முதலாளி பார்த்தது பட்டையை.

பட்டையையும் கோட்டைப் போலவே நிரப்பிவிடலாம் என்றேன். இரண்டும் ஒன்றாகிவிடும், அவருக்கும் வேலை தங்கும். அக்கா ஜன்னல் கண்ணாடியைவிட்டுத் திரும்பவில்லை. “அதுவும் பொய்தானே. அவருக்குச் சாதகமான பொய். நமக்குத் தெரியாதுடி. தெரியாததை வரையக் கூடாது.”

இரண்டிலும் அந்த இடத்தை வெறுமையாக விடுவதென்று முடிவானது. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. கோடு அறுந்து கிடந்தால் நம் சாப்ட்வேர் ரிப்பேர் என்றல்லவா நினைப்பார்கள் என்றார்.

“நினைக்கட்டும் சார். என்னாச்சுன்னு கேப்பாங்கல்ல? கேட்டாலே அந்த ஆள் பொழைச்சிடுவாரு.”

திருத்திய படம் போனது. முதலாளி கேட்டார். போய்ப் பார்த்தபோது சென்சார் ஒயரை எலி கடித்திருந்தது. ஆபரேட்டர் மறுபடி பேசினார், எலியைத் திட்டுவதற்காக மட்டும். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கணவரின் மாற்றலோடு அக்கா வடக்கே போய்விட்டார். இப்போது படங்களை ஒப்பிடும் வேலையைக் கணினியே செய்கிறது, யாரும் அச்செடுப்பதில்லை. அது வேகமானதுதான், தவறவிடுவதும் குறைவு. ஆனால் வெயில் இறங்கும் நேரத்தில் ஒரு ஜன்னலின் முன்னால் தோளோடு தோள் நின்று, ஒரே காகிதத்தை இரண்டு பேர் உற்றுப் பார்ப்பது இல்லாமல் போய்விட்டது.

சென்ற வாரம் ஒரு புது வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: உங்கள் படத்தில் கோடு ஏன் நடுவில் அறுந்திருக்கிறது? அங்கே அளவு எதுவும் வரவில்லை, என்ன நடந்ததென்று உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். மேற்கு வெயில் வந்துவிட்டிருந்தது. நான்கு டேப் தடங்களுக்கு நடுவே வெறும் கண்ணாடி.