வெட்ட வெட்டப் பெருகிய பிசிறு

எங்கள் அண்ணிக்குப் பிசிறு கண்டால் ஆகாது. சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், கழுத்தில் தொங்கும் குட்டிக் கத்தரி பாய்ந்துவிடும். ஒருமுறை பேசிக்கொண்டே என் மீசையில் துருத்திய முடியை நறுக்கிவிட்டு, "பிசிறு, தம்பி" என்றாள்!

அண்ணனும் அண்ணியும் தைப்பார்கள், நான் பித்தான் வைப்பேன். கடை மூலையில் அண்ணியின் கண்ணாடித் தொட்டி, அதில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். முட்டை போடும், போட்டதும் தானே விழுங்கிவிடும். அண்ணனுக்கோ அந்த மூலையில் இன்னொரு மெஷின் போடவேண்டும். வாய்ச்சண்டை முற்றி ஒருநாள் அண்ணி சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை ஒரு குஞ்சாவது பொழைக்கலேன்னா தொட்டிய நானே தூக்கிடறேன், போதுமா?"

முட்டையிட்டதும் தாய் தகப்பனை வாளிக்கு மாற்றினாள். பொரித்தது! தொட்டி முழுக்க ஊசிமுனை ஊசிமுனையாய்க் குஞ்சு! அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. வேளாவேளைக்குப் பொடித் தண்ணீர்ப்பூச்சி வாங்கி ஊற்றினாள்.

ஆனால் குஞ்சுகள் குறையத் தொடங்கின. கூடவே கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாய் நூல் பிசிறு. வேறு யாராயிருந்தாலும் துடைத்திருப்பார்கள். அண்ணியோ கத்தரியைத் தண்ணீருக்குள் விட்டு ஒவ்வொன்றாய் நறுக்கினாள். அடுத்த வாரம் பிசிறு இரண்டு மடங்கு! விடுவாளா? மறுபடியும் நறுக்கினாள். அண்ணன் மெஷினுக்கு விலையே விசாரித்துவிட்டார், படுபாவி.

அப்போதுதான் பிள்ளையின் கால்சட்டையைச் சுருக்க உயிரியல் டீச்சர் வந்தார்.

"ஐயையோ, வெட்டாதீங்கக்கா! அது ஹைட்ரா! உயிருள்ளது!"

"இந்தப் பிசிறா?"

"துண்டு துண்டா வெட்டினா ஒவ்வொரு துண்டும் முழுசா வளந்துடும். வெட்டாட்டியும் உடம்புலயே மொட்டு விட்டுக் குட்டி போடும், ஜோடியே வேணாம். குஞ்சுக்கு நீங்க போடற தீனி அதுக்கும் விருந்து. தீனி இருக்கற வரைக்கும் பெருகிக்கிட்டே போகும்."

"அப்ப என் குஞ்சுங்க?"

டீச்சர் விரலால் காட்டினார். ஒரு பிசிறு தன் மெல்லிய கைகளால் ஒரு குஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது! அண்ணிக்கு வந்ததே கோபம்: "அட நாசமாப் போனதே! உன்ன நானே பெருக்கி விட்டேனா!"

"குராமி மீன் இத விரும்பித் தின்னும்க்கா. ஆனா குஞ்சையும் விடாது."

கடையை இழுத்துச் சாத்தினோம். அண்ணி மிஞ்சிய குஞ்சுகளைக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். நான் ஓட்டமாய் ஓடி மீன்கடையில் குராமியை இரவல் வாங்கி வந்தேன். தொட்டியில் விட்டதும் அது கண்ணாடியோரம் போய் ஒரு பிசிறைச் 'சப்'பென்று உறிஞ்சியது பாருங்கள், மூன்று பேரும் கத்திவிட்டோம்! டீச்சரும்தான்!

பிசிறு ஒழிந்ததும் குராமி கடைக்குத் திரும்பியது, குஞ்சுகள் தொட்டிக்கு வந்தன. அவை முக்கோணமாய்த் துடுப்பு விரித்த சமயத்தில், ஒருநாள் அண்ணன் அளவுநாடாவோடு மூலைக்குப் போனார். அண்ணி மெஷினை நிறுத்தினாள். மெஷினுக்கு இடம் அளக்கத்தான் போகிறாரென்று நானும் பித்தானைக் கீழே வைத்தேன்.

அவர் நாடாவைக் கண்ணாடிமேல் வைத்தார். ஒரு குஞ்சு நகர்ந்தது, இவரும் நாடாவோடு நகர்ந்தார்.

"நிக்க மாட்டேங்குதேடா, எப்படி அளவெடுக்கறது?" என்றார் என்னிடம். "இதெல்லாம் வளந்தா இந்தத் தொட்டி பத்தாது. இன்னொன்னு வாங்கணும்."

அண்ணி எழுந்து வந்தாள். அவர் சட்டைக் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.