நான் விட்ட குடி

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தவனை, எங்கள் சபைப் பெண் ஒருத்தி மடக்கிக் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டினாள். "அங்கிள், உங்க சாட்சிய சொல்லுங்க. ஒரு நிமிஷம் போதும்லா." சாட்சி என்றால் வேறொன்றுமில்லை, ஆண்டவர் நம்மை எங்கிருந்து எங்கே தூக்கி வைத்தார் என்று பலர் முன்னால் சொல்வது. நான் அவசரமாகப் பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லி நழுவினேன். நரைத்த தலையோடு சொல்கிற பொய்யா அது?

அப்போதெல்லாம் சாட்சிக்கு மைக்தான். அதன் இரும்பு வலைக்குள் நமக்கு முன்னால் பேசியவரின் பெப்பர்மிண்ட் வாசம் தங்கியிருக்கும். சொந்த ஊரான யோங் பெங்கில் இருந்தவரை என்னை யாரும் மைக் பக்கம் கூப்பிட்டதில்லை, என்னிடம் சாட்சியே கிடையாது. பிறந்ததே ஜெபம் பண்ணுகிற குடும்பத்தில். நான் செய்த மகா பாவம், ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்தை உள்ளங்கையில் எழுதிவைத்துப் பார்த்துச் சொல்லிப் பரிசு வாங்கியது. இதற்கு யார் அல்லேலூயா போடுவார்கள், சொல்லுங்கள்.

பிறகு குளுவாங்கில் ஓர் உரக்கடையில் கிளார்க் வேலை கிடைத்தது. புது ஊர், புதுச் சபை, என்னைத் தெரிந்த ஒரு முகம் இல்லை. முதல் ஞாயிறே மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் பேசியவர் கத்திக்குத்து வாங்கிப் பிழைத்தவர், சட்டையைத் தூக்கித் தழும்பையே காட்டிவிட்டார். அதற்குப் பிறகு நான் போய் உள்ளங்கையையா காட்டுவது? "நானும் ஒரு காலத்துல குடிகாரன்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குக் குஷி தாங்கவில்லை. காலையில் சம்சு, சாயங்காலம் சம்சு என்று ஊற்றித் தள்ளினேன். ஒரே ஒரு ஜெபத்தில் விட்டேன், மறுநாள் கைகூட நடுங்கவில்லை என்று முடித்தேன். அந்தச் சாராயம் என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள், கடை அடைக்கிற நேரத்தில் ஒருவர் வந்து நின்றார். முனியாண்டி அண்ணன், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். இவர் குடியைத் தாங்கமுடியாமல் மனைவி சரோஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செனாயில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். குடியை விட்டால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லியிருந்தாராம். யாரோ சொல்லி, அந்த ஞாயிறு நெற்றியில் திருநீற்றோடு சபையின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையையும் என் மேசைமேல் வைத்தார். மேசையில் இருந்த டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது.

"நீங்க பேசின அன்னிக்கே நானும் விட்டுட்டேன் தம்பி. உங்களுக்கு நடுங்கலன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி நடுங்குது? உங்க ஆண்டவருக்கு என்னைப் பிடிக்கலையா?"

கணக்குப் புத்தகத்தை மூடினேன்.

"அண்ணே, நான் குடிச்சதே இல்ல. பொய் சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒரு சொட்டுகூடவா?"

"இருமல் மருந்துதான்."

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தார். பிறகு குரல் இறங்கி, "அப்ப நடுங்குறது எல்லாருக்கும் வர்றதுதானா? எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். நான் சோடித்துச் சொன்ன சாட்சி அவரைக் குழியில் தள்ளியது, அசிங்கமான உண்மை கை கொடுத்திருக்கிறது. அன்றே என் மோட்டார் சைக்கிளில் ஏற்றி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். குடியைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டரம்மா திட்டி மருந்து கொடுத்தார். திட்டு முழுக்க எனக்குச் சேரவேண்டியது.

வெளியே வந்ததும், "தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்களுக்கு என்ன வேலை?" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"அந்த நேரந்தான் எனக்குக் கண்டம். கூட வந்து உக்காருங்க. பொய் சொன்னதுக்குத் தண்டனை."

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேக்கடையில், தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் சும்மா இருப்பேனா? சிவப்பு, பச்சை, நீலம் என்று கோடு போட்ட வேதாகமத்தை விரித்தேன். "இன்னிக்கு வேணாம் தம்பி, சும்மா பேசுங்கலா" என்றார். எனக்குச் சும்மா பேசத் தெரியாது என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அவர்தான் பேசினார், லாரி பிரேக்கைப் பற்றி, மகளின் பல் விழுந்ததைப் பற்றி. ஒருநாள் திடீரென்று, "எனக்காக ஜெபம் பண்றீங்களா, இல்ல அதுவும் டூப்பா?" என்றார்.

"பண்றேண்ணே."

"இங்கயே பண்ணுங்க, கேப்போம்."

என் அலங்கார வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இன்னிக்கு ஏழு மணி வரைக்கும் அண்ணனப் பிடிச்சுக்குங்க" என்றேன்.

"இவ்ளோதானா? இத நானே கேப்பேனே."

"கேளுங்கண்ணே."

கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார். நான்தான் அழுதேன்.

நடுவில் இரண்டு முறை மறுபடி குடியில் விழுந்தார். இரண்டு முறையும் மறுநாள் ஆறு மணிக்கு வந்து தலைகுனிந்து உட்கார்ந்தார். மாதங்கள் ஓடின. சரோஜா அக்கா திரும்பி வந்துவிட்டார். அதன்பின் ஒரு நாள் ஆறு மணி ஆகியும் அண்ணனைக் காணோம். ஆறரை ஆயிற்று. நெஞ்சு அடித்துக்கொள்ள மோட்டாரை எடுத்துக்கொண்டு அவர் பழைய சாராயக்கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். "என்னா வேணும்?" என்றான் கடைக்காரன். நல்லவேளை, சபையார் யாரும் பார்க்கவில்லை. அண்ணன் அங்கே இல்லை. வீட்டுக்கு ஓடினேன்.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மகள் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "அடடே தம்பி! வாங்க, வாங்க. மணி என்னா?" என்றார்.

"ஏழாகப் போகுதுண்ணே."

"ஏழா?" துருவலை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மறந்துட்டேன் தம்பி. ஆறு மணிய மறந்தே போயிட்டேன்."

சரோஜா அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், அழுகிறார் என்று தெரிந்தது. அன்று அங்கேயே சாப்பிட்டேன்.

அந்தத் தேக்கடை இப்போது இல்லை, அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். அண்ணன் இருக்கிறார், பேரன் எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு எனக்கு முன்பே வந்து இடம் பிடிக்கிறார். அவருக்கு அந்த ஆறு மணி அன்றோடு போயே போய்விட்டது. அதன்பின் ஒரு மாதம், ஆறடித்தால் தனியாகப் போய் அந்த மேசையில் உட்கார்ந்து, இரண்டு தே சொல்லிவிட்டு, விடமுடியாமல் கிடந்தவன் நான்தான்.