மாடவீதியின் நடுவே

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாடவீதிக்குள் எந்த வண்டியும் கூடாதென்று சவுக்குக் கழி கட்டியிருந்தார்கள். என் சைக்கிளைக்கூட விடவில்லை; வெளியே பூட்டி வைத்துவிட்டு நடந்தேன். காதில் பீடி செருகிய ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியை வெளியே விட்டுவிட்டு, நடக்க முடியாத தன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு உள்ளே போனார். பின்னாலேயே வந்த ஒரு பெரிய மனிதரின் காருக்குக் கான்ஸ்டபிள் சலாம் வைத்துக் கழியைத் தூக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார் ரிக்‌ஷாக்காரரை நெருங்கி, விடாமல் ஹாரன் அடித்தது.

“ஒதுங்கிடுங்க, இடிச்சிடப் போறான்,” என்றேன்.

“நான் இன்னாத்துக்கு சார் ஒதுங்கணும்? வண்டி கூடாதுன்னுதானே சொன்னாங்க. அது இன்னா, கப்பலா? எறங்கி நடக்கச் சொல்லு.”

தெருவின் நடுவிலேயே, அவசரமில்லாமல் நடந்தார். கழியைத் தாண்டி வந்த கார், கடைசிவரை அந்த முதுகைத் தாண்டவில்லை.