ஏசிக் குழாய்க்குச் சட்டை

என் கணவருக்கு வியர்க்காது. கழுத்துக்குக் கீழே ஒரு சொட்டு வராது. நாலு வருடங்களுக்கு முன்பு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் தண்ணீர்த் தாங்கியை எட்டிப் பார்க்க ஏறியவர் ஏணியோடு சேர்ந்து விழுந்தார். கழுத்து முறிந்தது. தோளைக் கொஞ்சம் தூக்குவார், இடது கையைப் பாதி மடக்குவார். மற்றபடி தலையும் வாயும்தான். அந்த வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

வியர்க்காத உடம்புக்கு வெயில் சும்மா விஷயம் இல்லை. உங்களுக்கும் எனக்கும் சூடு ஏறினால் தோல் நனைந்து அதை இறக்கிவிடும். அவருக்கு ஏறினது ஏறினதுதான். முகம் சிவக்கும், நாக்குக் குழறும், பிறகு நினைவு தப்பும். வீட்டில் அவருடைய அறைக்கு ஏசி பூட்டிவிட்டோம். பிரச்சினை கார்.

பழைய ஜப்பான் கார். வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருடங்கள் அவை. இருப்பதோடு மாரடிக்க வேண்டியதுதான். ஓடும்போது நன்றாகக் குளிரும். சந்தியில் கலர் லைட் சிவப்பாகி நின்றதும் காற்று வெதுவெதுக்கத் தொடங்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் பிசியோதெரபி செய்தா. கிழமைக்கு இரண்டு தரம் அவரை அங்கே கொண்டுபோவேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு எத்தனை கலர் லைட் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

“வீட்டில நீர் ஏசி, காரில அது ஏசி. இரண்டில ஒண்டுதான் ஒழுங்கா வேலை செய்யுது,” என்பார். உண்மைதான், நான் ஏசுகிறவள். வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுக்கிறேன். என் சத்தம் இரண்டு மாடி தள்ளிக் கேட்கும்.

ஒரு சித்திரை மாதப் பகல், கொள்ளுப்பிட்டியில் யாரோ பெரிய மனிதர் போவதற்காக வீதியை மறித்திருந்தார்கள். இருபது நிமிடம் ஒரு சக்கரம் அசையவில்லை. காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தேன். ஆள் வாயால் ஊதுகிற மாதிரி வந்தது. அவர் ஏதோ சொன்னார், சொல் பிரியவில்லை. போத்தல் தண்ணீரை அவர் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினேன். ஹோர்னை விடாமல் அமத்தினேன். பொலிஸ்காரரைத் தமிழில் திட்டினேன், சிங்களம் அந்த நேரம் வாயில் வரவில்லை. கடைசியில் பக்கத்துத் துணிக்கடையின் வாசலுக்குள் காரை ஏற்றினேன். கடைப் பெண்கள் பெரிய காற்றாடியொன்றை இழுத்து வந்து, கதவைத் திறந்து, அவருக்கு நேரே வைத்தார்கள். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

“இனி என்னை வெளியில கொண்டுபோகாதையும்,” என்றார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் வடிகால்களுக்கு வரைபடம் போட்ட மனிதர். எங்காவது வீதியைத் தோண்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கப் போவார். பிசியோதெரபி அவருக்கு ஒரு சாட்டு, வேண்டியது வீதி. முன் கண்ணாடி வழியாக வீதியோர வடிகாலைப் பார்த்து, “உந்தக் கானுக்குச் சரிவு காணாது, மழைக்கு நிக்கும் பாரும்” என்று குற்றம் சொல்ல வேண்டும். அதுவும் போனால் மிச்சம் என்ன? நாலு சுவரும் ஒரு ஏசியும்.

காரைக் கிராண்ட்பாஸில் ஏசி திருத்துகிற ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். அழுத்தமானி பூட்டி எல்லாம் பார்த்துவிட்டு, “கேஸ் சரியா ஈக்கிது அக்கா. கொம்ப்ரசரும் நல்லம். பழைய வாகனம்தானே, நின்டா இப்பிடித்தான்,” என்றார். விட்டேனா? பொனட்டைத் திறந்து எது எங்கே போகிறது என்று காட்டச் சொன்னேன். ஒரு தடித்த குழாயைத் தொடச் சொன்னார். உள்ளே காரைக் குளிராக்கிவிட்டு வாயு அதன் வழியாகத்தான் கொம்ப்ரசருக்குத் திரும்புகிறதாம். குளிர்ந்துபோய் இருந்தது. அலுமினியத்தின் மேல் துளித் துளியாக வியர்த்திருந்தது. இதற்கெல்லாம் வியர்க்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அந்தக் குழாய் இயந்திரத்தை உரசிக்கொண்டு போனது. அங்கே தொட்டபோது குளிர் இல்லை, இளஞ்சூடு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. போகிற வழியில் இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு போனால் கொம்ப்ரசருக்கு இரட்டை வேலை. ஓடும்போது காற்று அடித்து ஒரு மாதிரிச் சமாளிக்கும், நின்றால் செத்தது. “இதுக்கு மேல ஏதாவது சுத்திவிட்டா என்ன?” என்றேன். “அப்பிடியெல்லாம் யாரும் செய்றல்ல அக்கா,” என்று சிரித்தார்.

யாரும் செய்வதில்லை என்றால் நான் செய்வேன், அது என் குணம். வீட்டு ஏசி பூட்டுகிறவர்கள் செப்புக் குழாய்க்கு மேல் போடும் கறுப்பு ஸ்பொஞ்ச் குழாயை ஹார்ட்வெயார் கடையில் வாங்கினேன். நீளமாகக் கீறி, தடித்த குழாய்க்குச் சட்டை மாதிரிப் போட்டு, மேலே வெள்ளி நிற டேப்பைச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கினேன். வாசல் காவலாளி பக்கத்தில் நின்று, என்ன நோனா, வாகனத்துக்குக் குளிருதா என்று சிங்களத்தில் பகிடி பண்ணினார். முதல் நாள் ஆர்வக்கோளாறில் கொம்ப்ரசரிலிருந்து வெளியே போகும் சுடு குழாய்க்கும் போட்டுவிட்டேன். அது உருகிக் காருக்குள் ஒரே நாற்றம். சுடுகிற குழாய் சூட்டை வெளியே விட வேண்டும், அதை மூடக் கூடாது என்கிற அளவு மூளை எனக்கு இருந்திருக்க வேண்டும். அதை அறுத்து எறிந்தேன்.

சட்டை போட முன்பே, மீன் தொட்டிக்கு விற்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, அதன் வயர் நுனியைக் காற்றுத் துவாரத்தில் செருகியிருந்தேன். அப்போது கார் நின்றால் இருபத்தாறு காட்டும். இப்போது இருபத்துமூன்று. மூன்று டிகிரி. சிரிக்காதீர்கள். அந்த மூன்று டிகிரியில் என் கணவர் வெளியே வந்தார்.

எவ்வளவு கெஞ்சி அவரை முதல் நாள் கூட்டிப்போனேன்! பம்பலப்பிட்டி கலர் லைட்டில் பத்து நிமிடம் நின்றோம். அவர் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்ததும், “கெட்டிக்காரிதானப்பா,” என்றார். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதரிடம் நான் வாங்கிய இரண்டாவது பாராட்டு அது.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கால் முளைத்துவிட்டது. பிசியோதெரபி முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. அவருக்குப் பார்க்க வேண்டிய கான்கள் இருந்தன. ஆளைக் காரில் ஏற்றுவது காவலாளியும் நானும் இன்னொருவரும் சேர்ந்து செய்கிற பெரிய பாடு. ஏற்றிய பிறகு யாருக்கு இறக்க மனம் வரும்?

ஆனால் ஒரு விதி இருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் அவரைப் பக்கவாட்டில் சாய்த்து, இருக்கிற இடத்தின் பாரத்தை மாற்ற வேண்டும். அவருக்கு வலி தெரியாது, அசையவும் முடியாது. எலும்பு அழுத்துகிற இடத்தில் இரத்தம் ஓடாமல் சதை செத்துவிடும். முதல் நாட்களில் ஓரமாக நிறுத்தி, சுற்றி வந்து, கதவைத் திறந்து, என் தோளில் அவரைச் சாய்த்து நூற்றிருபது வரை எண்ணுவேன். கதவைத் திறந்தால் அனல் உள்ளே வரும். வெப்பமானி ஏறும். மறுபடி இறங்கப் பத்து நிமிடம் ஆகும். “விடுமப்பா, நான் நல்லாத்தான் இருக்கிறன், குளிரை வெளியில விடாதையும்,” என்பார். எனக்கும் அந்த எண் ஏறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அரை மணி ஒரு மணியாயிற்று, பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றாயிற்று.

அந்தக் கடைசி நாள் பேலியகொடைப் பக்கம் போனோம். பெரிய கான் ஒன்று வெட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மீன் லொறிகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்தோம். திரும்பும்போது பாலத்தில் நெரிசல். எல்லாமாக நாலு மணித்தியாலம் அவர் ஒரே இருப்பில் இருந்தார். கதவை நான் ஒரு தரமும் திறக்கவில்லை. அன்று நான் சந்தோசமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டாம் நாள் கழுவும்போது அவருடைய பிட்டத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கன்றல். விரலால் அமத்தினேன், வெளிறவில்லை. கிறீம் பூசினேன். அடுத்த கிழமை அது திறந்தது. அதற்குள் என் பெருவிரல் போகும் என்று தெரிந்தபோது அம்மாளாச்சி என்று கத்திவிட்டேன். “என்ன, என்ன?” என்று கேட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது.

அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் ஒரு மகன் தன் தாயின் காலைக் கவனிக்காமல் விட்டதற்காகத் தாதியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயது ஆள், எல்லோரும் பார்க்கத் தலையைக் குனிந்து நின்றான். ஊரையெல்லாம் ஏசுகிற நான் கிளினிக் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். எங்கள் முறை வந்தது. டொக்டர் இளம் பெண். காயத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கடைசியாக எவ்வளவு நேரம் இருக்க வைத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டா. தாதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“பெயக்,” என்றேன். ஒரு மணித்தியாலம்.

டொக்டர் நம்பாமல் அவரைப் பார்த்தா. குப்புறப் படுத்திருந்தவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். ஒரு நிமிடம் பார்த்தார். “ஒவ், பெயக் விதரய்,” என்றார். ஓம், ஒரு மணித்தியாலம்தான்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு யோசித்தா. ஒரு மணித்தியாலத்துக்கே இப்படி என்றால் இந்தத் தோல் இனி இருப்பைத் தாங்காது என்றா. காயம் ஆறினாலும் கதிரை வேண்டாம், கார் வேண்டாம், படுக்கையிலேயே வைத்துப் பாருங்கள் என்று கொப்பியில் எழுதினா. வாயைத் திறந்திருக்கலாம். அதற்குள் தாதி என் தோளில் கையை வைத்து, நீங்கள் நன்றாகப் பார்த்துமா இப்படி வந்தது, பாவம் என்றா. கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

காயம் மூட ஏழு மாதம் எடுத்தது. ஏழு மாதமும் அவர் குப்புறவும் சரிந்தும் கிடந்தார். ஒரு சொல் குத்திக் கேட்கவில்லை. தோல் மூடிய பிறகுதான் சொன்னார்: “இந்த முறை கிளினிக்குக்கு நீர் தனியப் போறீர்தானே. உண்மையைச் சொல்லும். நாலு மணித்தியாலம் எண்டு சொல்லும். ஏச்சை வாங்கிக்கொண்டு வாரும். அரை மணித்தியாலமாவது வெளியில போக விடுவினம்.” பிறகு, “எனக்கு இந்த அறை காணுமப்பா, அலுத்துப்போச்சு,” என்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். துடைத்தும் நான்தான் விட்டேன்.

போனேன். சிங்களத்தில் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஆறிய காயத்தைத் தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். டொக்டருக்குச் சந்தோசம். தாதி அந்தப் படத்தை வாங்கி, வரிசையில் நின்றவர்களுக்குக் காட்டி, ஒரு மனிசி எப்படிப் பார்க்க வேண்டும் என்று பாருங்கள் என்றா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கதவைத் திறந்ததும், “சொன்னீரோ?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

“சொன்னனான்,” என்றேன். “நல்ல ஏச்சு. அப்பிடியிருந்தும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா.”

“சரி, விடும்,” என்றார். “உம்மை நல்லா ஏசிப்போட்டினமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

அது போன வருடம். இப்போதும் அவர் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறார். என்ன எழுதுகிறீர் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். அவர் இதை வாசிக்க வேண்டுமென்றால் நான்தான் அவர் முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு தாளாகத் திருப்ப வேண்டும்.