மச்சாளுக்குக் கிடைத்த சொல்

அந்தக் கிரீம் கேக்கின் மேல் சின்ன நோர்வேக் கொடியொன்று குத்தியிருந்தது. குரோருட்டில் நானும் என் அண்ணன் மனைவியான மச்சாளும் வேலை செய்த முதியோர் இல்லத்தின் சாப்பாட்டறைக்கு அவள் அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நோர்வேக் கட்சியொன்று அவளைப் பகுதிச் சபை உறுப்பினராக்கியிருந்தது. கட்சிக்காரர் ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேடி எங்கள் குடியிருப்புக்கு வந்த மாலையில் எனக்கு வேலை. அவள் வீட்டில் இருந்தாள். குடியிருப்புக் கூட்டங்களில் எழுந்து கதைக்கிறவள் நான். அதைச் சாப்பாட்டறையில் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கேக் சிறிய துண்டாகப் போதும் என்றேன்.

செய்தி கேட்டதும் பிலிப்பைன்ஸ்காரத் தாதி, "கொன்செஹால்" என்று மச்சாளைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய ஊரில் நகரசபை உறுப்பினரை அப்படித்தான் அழைப்பார்களாம். சமையலறையிலிருந்து சிலி நாட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அது எங்கள் சொல்" என்றாள். ஸ்பானியர் இரண்டு கடல்களுக்கு அப்பால் விட்டுப்போன சொல். ஒருத்தி அதை ஜே போட்டு எழுதினாள், மற்றவள் எச் போட்டு. எது சரியென்று சிரித்துச் சண்டை பிடித்துவிட்டு, எங்கள் மொழியில் என்னவென்று கேட்டார்கள். "கவுன்சிலர்" என்றாள் மச்சாள். அது ஆங்கிலேயர் எங்களிடம் விட்டுப்போனது. சிலிக்காரி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, எல்லாம் லத்தீனின் பிள்ளைகள்தான் என்றாள். அன்றிலிருந்து மச்சாளுக்கு ஒவ்வொருத்தியிடமும் ஒரு பட்டம். எனக்குக் கிடைத்தது, கொன்செஹாலின் மச்சாள்.

அடுத்த பனிக்காலத்தில், எங்கள் சமையலறையை மூடி வெளியிலிருந்து சாப்பாடு எடுப்பதா என்று சபை முடிவெடுக்க வேண்டியிருந்தது. கூட்டத் தொடக்கத்தில் பொதுமக்கள் பேசலாம். கூட வேலை செய்தவர்கள் என்னை அனுப்பினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம், பெயர்ப்பலகைக்குப் பின்னால், மச்சாள். நான் அவளைப் பார்க்காமல் பேசினேன். மறதி வந்த கிழவர்களுக்கு மணிக்கூடு தெரியாது, உருளைக்கிழங்கு அவியும் மணம்தான் சாப்பாட்டு நேரத்தைச் சொல்கிறது என்றேன். கைதட்டினார்கள். பிறகு வாக்கெடுப்பில் மச்சாள் கட்சியோடு சேர்ந்து, மூடுவதற்குக் கை தூக்கினாள். சிலிக்காரி ட்வெய்ட்டா என்ற இன்னொரு பகுதியில் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"நீர் கதைக்கேக்கை எனக்கு எரிச்சலா இருந்தது மச்சாள். மனசிலை இருந்ததை அப்பிடியே சொல்லிப்போட்டீர். அந்தக் கதிரையிலை இருந்து என்னாலை ஏலாது."

"அப்ப விட்டிட்டு எழும்பி வாரும்."

"ஓம், நான் எழும்ப நீர் வந்து இருப்பீர்."

அவள் சிரிக்கவில்லை. நான் கையை விடுவித்துக் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

அவள் சபையை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றும் குரோருட்டில் யாராவது "கவுன்சிலர் அக்கா" என்று கூப்பிட்டால், அவள் திரும்புமுன் என் தலை திரும்பிவிடுகிறது.