திரும்பி வந்த பதினோரு அடி

காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் வலது கணுக்காலில் துணிப்பட்டையால் கட்டியிருந்த வயர்கள். காரைக்கால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தார். காலில் இருந்த செருப்பு அவருடையது அல்ல. ஒரே ஒரு நாளுக்காக வெளியூரிலிருந்து வந்த டாக்டர் கொண்டுவந்தது. வலது செருப்புக்குள் நாலணாக் காசு அளவில் எட்டுத் தகடுகள். பாதத்தில் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று அவை உணரும். மேஜைமேல் இருந்த பெட்டியின் முள் அதைக் காகிதத்தில் கோடாகக் கிழிக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்குச் சர்க்கரை. வலது கட்டைவிரலுக்கு அடியில் இருந்த புண் பத்து மாதமாக ஆறவில்லை. உணர்ச்சி போய்விட்டதால் எங்கே அழுந்துகிறது என்று அவருக்கே தெரியாது. அளவு சரியாகக் கிடைத்தால் அந்த இடம் அழுந்தாதபடி அடிப்பாகத்தைக் குழித்துச் செருப்பு செய்யலாம். இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

"வீட்ல நடக்கிற மாதிரி நடங்க," என்றார் டாக்டர்.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்தவர். எங்கள் ஊர் நெடுங்காட்டில் அவரைச் 'சொல்தா', அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றுதான் சொல்வார்கள். அதிகாரி நட என்றால் அவருக்கு ஒரு நடைதான் தெரியும். எழுந்தார், மார்பை நிமிர்த்தினார், பிரெஞ்சில் ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்தபடி குதிகாலைத் தரையில் அறைந்து அறைந்து போனார். வயரைத் தூக்கிக்கொண்டு கம்பவுண்டர் பின்னால் ஓடினார்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "புண்ணு முன்னாடி இருக்கு. பாரமெல்லாம் குதிகால்ல விழுதே?"

"வீட்ல இப்படி நடக்க மாட்டாருங்க. தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் நடப்பாரு," என்றாள் அம்மா.

"யாருடி தேய்க்கிறது? நான் எப்பவும் இப்படித்தான்."

நான்கு முறை நடந்தார். நான்கும் பரேடு. பூவத்திலிருந்து வந்து பெஞ்சில் காத்திருந்த ஒருவர், "அண்ணே, இன்னொரு ரவுண்டு!" என்றார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, வெளில உங்க செருப்ப ஒருத்தன் மாட்டிக்கிட்டுப் போறான்."

அம்பகரத்தூர் கோவில் வாசலில் ஏற்கெனவே இரண்டு ஜோடி பறிகொடுத்தவர் அவர். வயர் விட்ட தூரம் வரை பாய்ந்தார், கம்பவுண்டரும் பாய்ந்தார். வாசலில் பழைய செருப்பு விட்ட இடத்திலேயே கிடந்தது.

"ஏண்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? ஆஸ்பத்திரியாச்சேன்னு பாக்குறேன்..."

திட்டிக்கொண்டே, தோள் தொங்க, காலைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பி வந்தார். பதினோரு அடி. வலது கால் ஊன்றிய ஒவ்வொரு முறையும் கட்டைவிரலின் கோடு காகிதத்தின் விளிம்பைத் தொட்டது.

அந்தப் பதினோரு அடியை வைத்துச் செருப்பு செய்து தபாலில் அனுப்பினார் டாக்டர். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும் என்று கூடவே ஒரு சீட்டு. அடுப்படியும் சாமி மாடமும் தவிர மற்ற இடங்களுக்கு அம்மா சம்மதித்தாள்.

ஐந்தாம் மாதம் புண் மூடியது. விரலை எடுக்கவில்லை.