காய்ந்திருந்த சீற்

காருக்குள் தண்ணீர் வருகிறது என்று யாராவது வந்தால், இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: "வீட்டிலை காரை எப்பிடி விடுறனீங்கள், மூக்கு மேட்டுப் பக்கமோ, பள்ளத்துப் பக்கமோ?" சேவியர் சேரிடம் இதைக் கேட்காமல் விட்டேன்.

சேர் இளைப்பாறிய கணக்கு வாத்தியார். அவருடைய மகள் ஜெனிற்றா அந்தக் காரில்தான் தம்பலகாமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்தாள். மாரி மழைக்குப் பிறகு இடப்பக்கக் கால்மாட்டில் கார்ப்பெற் ஊறிக் கிடக்கிறது என்று இருவரும் துறைமுகத்தடியில் இருக்கும் என் கராஜுக்கு வந்தார்கள். அரை மணித்தியாலம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தேன். ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கதவு ரப்பர்களும் நல்லாயிருந்தன. முப்பது வருடம் வேலை செய்தவனுக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வருமா?

"மகள் கண்ணாடியை இறக்கிவிட்டு மறந்திருப்பா, சேர்" என்றேன்.

"நான் ஏத்திப்போட்டுத்தான் இறங்கினனான்" என்றாள் ஜெனிற்றா.

சேர் அவளைப் பார்க்காமல் என்னிடம் தலையாட்டினார். அன்றே சாவி அவருடைய சட்டைப் பைக்குள் போய்விட்டது. அவள் பஸ்ஸில் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மழைக்கு, யாருமே எடுக்காத காருக்குள் கார்ப்பெற் மறுபடி நனைந்தது. சேர் கூப்பிட, வீட்டுக்குப் போனேன். கார் வேப்பமரத்தின் கீழ், மேட்டைப் பார்த்து நின்றது. முன்கண்ணாடி வைப்பருக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினேன். தண்ணீர் இறங்கும் துளையை வேப்பிலை அடைத்திருந்தது. மூக்கு மேட்டில் நின்றதால் தேங்கிய தண்ணீர் பின்னுக்குச் சரிந்து, காற்று போகும் வழியால் உள்ளே இறங்கியிருக்கிறது. என் கராஜ் வாசலில் கார் மூக்கு பள்ளத்துப் பக்கமாக நின்றது. அங்கே நான் அடித்த தண்ணீரெல்லாம் முன்னுக்கே வழிந்து போயிருக்கிறது. இலையை அள்ளப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கண்ணாடியால் மழை வந்திருந்தால் ஆள் இருக்கிற சீற்றும் நனைந்திருக்க வேண்டும். முதல் நாளே சீற்றைத் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் பழியை அந்தப் பிள்ளையின் தலையில் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது.

பிழை என்னுடையது என்று இருவரிடமும் சொன்னேன். சேர் சாவியை மகளிடம் நீட்டினார்.

"வேண்டாம் அப்பா. நான் சொன்னதை நீங்கள் ரெண்டு பேரும் கேக்கேல்லை. எனக்குப் பஸ்ஸே போதும்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஹோஸ் பைப்பை எடுக்கமுன், ஓட்டுகிற ஆள் சொல்வதைக் கேளுங்கள். அந்தக் கார் பிறகு ஒழுகவேயில்லை. சர்வீசுக்குச் சேர்தான் தனியே கொண்டுவருகிறார்.